மேடைக்கு வெளியே பாதி விழா

2015 மே 23 அன்று வியன்னா நகரின் ஸ்டாட்ஹாலே அரங்கில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. ஆஸ்திரேலியாவுக்காக அன்று மேடையேறிய கை செபாஸ்டியன் பிறந்தது நம் கிள்ளானில். சிறு வயதிலேயே பெற்றோருடன் ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர், 2003-இல் ‘ஆஸ்திரேலியன் ஐடல்’ பட்டம் வென்றவர். ஐரோப்பியப் போட்டியில் ஆஸ்திரேலியா பாடியது அதுதான் முதல் முறை. ஐந்தாம் இடம் கிடைத்தது.

அவர் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெல்லும் நாடுதான் அடுத்த ஆண்டு போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். ஆஸ்திரேலியா வெகு தொலைவு என்பதால், வென்றாலும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் கூட்டாக நடத்துவதென்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். 2022-இல் உக்ரைன் வென்றபோதும் போர் காரணமாக விழா பிரிட்டனின் லிவர்பூலுக்குப் போனது.

போட்டியைப் பார்க்கப் பயணம் போக நினைப்பவருக்கு இந்த வழக்கம்தான் முதல் சோதனை. வென்ற நாடு மே மாதத்தில் தெரிந்துவிடும். எந்த ஊர் என்பது தெரிய மாதங்கள் ஆகும். 2024 மே மாதம் சுவிட்சர்லாந்து வென்றது, பாசல் நகரம் தேர்வானது ஆகஸ்டு இறுதியில். அறிவிப்பு வந்ததுமே தங்குமிட வாடகை ஏறத் தொடங்கிவிடும். 2024-இல் ஸ்வீடனின் மால்மோவில் போட்டி நடந்தபோது, கடற்பாலத்துக்கு அப்பால் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தங்கி ரயிலில் வந்துபோனவர்கள் உண்டு. பட்டர்வொர்த்தில் அறை எடுத்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரி ஏறுகிற அதே கணக்குதான்.

டிக்கெட் அடுத்த சோதனை. 2023 லிவர்பூல் இறுதிச் சுற்றுக்கான இடங்கள் 36 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: அரங்கில் நடப்பது ஒரே நிகழ்ச்சி இல்லை. இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி என்ற மூன்றுக்கும் முந்தைய இரவு ஒரு முழு ஒத்திகை, அன்று பிற்பகல் இன்னொன்று. ஆக மொத்தம் ஒன்பது காட்சிகள். அதே பாடகர்கள், அதே விளக்குகள், அதே பாட்டுகள்; முடிவு அறிவிப்பு மட்டும்தான் உண்மையானதாக இருக்காது. ஒத்திகைக் காட்சிகளுக்கு விலையும் குறைவு.

அரங்குக்குள் நுழையவே முடியாதவர்களையும் ஊர் கைவிடுவதில்லை. வியன்னாவில் நகர மன்றத்தின் முன்னுள்ள திடலில் பெரிய திரை வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். பாதசாரிகளுக்கான சாலை விளக்குகளில் தனி ஆள் உருவத்தை மாற்றி ஜோடி உருவங்களைக்கூட வைத்தார்கள். 2025-இல் பாசல் இன்னும் ஒரு படி மேலே போனது: போட்டி அரங்கை ஒட்டிய கால்பந்துத் திடலையே திறந்துவிட, அங்கே 36,000 பேர் அமர்ந்து திரையில் இறுதிச் சுற்றைப் பார்த்தார்கள். அந்த ஊரின் மக்கள்தொகையே இரண்டு லட்சத்துக்கும் குறைவு!

பினாங்குக்காரர்களுக்கு ஊரே விழாக்களமாவது புதிதல்ல. யுனெஸ்கோ 2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுனை உலக மரபுத் தலமாக அறிவித்ததை ஒட்டி, 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடந்து வருகிறது. பழைய கட்டடங்களும் தெருக்களும் அதற்கு மேடை. பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு நாம் நம் ஊரை இப்படித் திறந்து காட்டுகிறோம். அதே மனத்தோடு இன்னொரு ஊருக்குப் போனால், அரங்க டிக்கெட் கிடைக்கவில்லையே என்று பயணத்தையே தள்ளிப்போட மாட்டோம்.

போகும் வழியும் அத்தனை கடினமில்லை. பாயான் லெப்பாஸிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு விமானம் மாறலாம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால், ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். அரையிறுதிகள் செவ்வாய், வியாழன் இரவுகளில் நடக்கின்றன. இறுதிச் சுற்று சனிக்கிழமை. வார இறுதிக்கு மட்டும் போகிறவர் அரையிறுதியோடு வெளியேறும் பாட்டுகளைத் தவறவிடுவார். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்வது நல்லது.