'இனி ஒண்ணும் பண்ண முடியாது' என டாக்டர் சொல்லலாமா? வருங்கால மருத்துவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை கற்றுத்தரும் பாடம்!

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க... இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல." புற்றுநோய் முற்றிய நிலையில் உள்ளவர்களின் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஆனால், உண்மையிலேயே செய்ய ஒன்றும் இல்லையா? நிறையவே இருக்கிறது என்கிறது 'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் நோய் ஆதரவு சிகிச்சை. டாக்டராக ஆசைப்படும் மாணவர்கள் இதில் தன்னார்வலராகச் சேர்ந்தால் என்ன கற்கலாம்? புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு என்ன வழி? பார்க்கலாம்.

நோய் ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப் புண், மனவேதனை ஆகியவற்றைக் குறைக்கும் சிகிச்சை இது. கடைசி நாட்களுக்கு மட்டுமானது அல்ல. புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றில் நோய் உறுதியான நாளிலிருந்தே தொடங்கலாம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. கிடைப்பதோ சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தன்னார்வலராக வந்து டாக்டர் ஆனவர்!

இந்தத் துறையே ஒரு தன்னார்வலரால் வளர்ந்ததுதான். லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸ். பிறகு மருத்துவமனை சமூகப் பணியாளர். 1940-களின் கடைசியில், இறக்கும் நிலையில் இருந்தவர்களுக்கான செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் மாலை நேரத் தன்னார்வலராகச் சேர்ந்தார். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காமல், வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுப்பதை அங்கே பார்த்தார். 33 வயதில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1957-ல் டாக்டர் ஆனார். 1967-ல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய நோய் ஆதரவு சிகிச்சைக்கு முன்மாதிரி.

பக்கத்து மாநிலமான கேரளாவில், கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு, பயிற்சி பெற்ற உள்ளூர் தன்னார்வலர்களால் மாநிலம் முழுக்கப் பரவியது. கல்லூரி மாணவர்களும் அதில் இருக்கிறார்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் கற்கும் 4 பாடங்கள்

1. வலியைக் கேட்பது: ஸ்கேனில் வலி தெரியாது. 'பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது?' என்று நோயாளியைக் கேட்டால்தான் தெரியும். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. மருத்துவத் தேவைக்கு அது எளிதாகக் கிடைக்க 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே திருத்தப்பட்டது. ஆனாலும், 'பழக்கமாயிடுமோ' என்ற பயத்தில் வலியைப் பொறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். டாக்டர் கண்காணிப்பில் வலிக்காகச் சரியான அளவில் எடுத்தால் அந்த ஆபத்து குறைவு. இதைப் பொறுமையாகப் புரியவைப்பதும் சிகிச்சைதான்.

2. சின்ன வேலை, பெரிய நிம்மதி: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைப் பெருமளவு தடுக்கலாம். புற்றுநோய்ப் புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள்கூட அறைக்குள் வர மாட்டார்கள். டாக்டர் அறிவுரைப்படி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவினால் நாற்றம் குறையும். விலை மலிவான அந்த மாத்திரை, உறவுகளை மறுபடியும் கட்டில் பக்கத்தில் உட்காரவைக்கும்.

3. 'சாப்பிட மாட்டேங்கிறாரே!': குடும்பத்தின் பெரிய தவிப்பு இதுதான். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பது தானாகவே குறையும். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் ஆபத்து உண்டு. உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருப்பதே அப்போது போதும் என்று சொன்னால், 'பட்டினி போட்டுட்டோமே' என்ற குற்ற உணர்ச்சி குடும்பத்துக்கு இருக்காது.

4. உண்மையைப் பேசுவது: 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க' என்பார் மகன். அப்பாவுக்கோ ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் நோயாளியையே கேட்க வேண்டும். பதில் இல்லாத கேள்வி வந்தால், பேசாமல் பக்கத்தில் உட்காரவும் பழக வேண்டும்.

நீட் மதிப்பெண்ணுக்கு உதவுமா?

உதவாது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்கு இதுபோன்ற சேவை அனுபவத்தையும் பார்க்கிறார்கள். இங்கே எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான். ஆனால், 2019-ல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நடத்தை, நெறிமுறை, உரையாடல் குறித்த 'ஏட்காம்' பகுதி கட்டாயம். மரணத்தை எதிர்கொள்வதும் அதில் ஒரு பாடம். கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சந்திப்பதும் இப்போது படிப்பின் அங்கம். படுக்கையில் கிடக்கும் ஒருவரோடு ஏற்கெனவே பழகிய மாணவருக்கு இவை வெறும் தேர்வுப் பாடமாக இருக்காது.

புதுக்கோட்டையில் என்ன இருக்கிறது?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான், 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணம். அவர் பிறந்த ஊரில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆண்டுக்கு 150 பேர் எம்பிபிஎஸ் சேர்கிறார்கள்.

வீட்டிலேயே கிடப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. திட்டப்படி வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு செவிலியர், ஒரு பிசியோதெரபிஸ்ட். விராலிமலை முதல் கடற்கரையோர மணமேல்குடி வரை புதுக்கோட்டையில் 13 ஒன்றியங்கள். ஒரு ஒன்றியத்தின் அத்தனை கிராமங்களுக்கும் ஒரே செவிலியர் என்றால், கூடுதல் கைகள் எவ்வளவு தேவை என்பது புரியும்.

எப்படித் தொடங்குவது? எதைச் செய்யக் கூடாது?

ஆர்வமுள்ளவர்கள் உங்கள் வட்டார அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்துக் கேட்கலாம். அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் நேராக யார் வீட்டுக்கும் போகக் கூடாது. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, 'சரியாயிடும்' என்று பொய் நம்பிக்கை தருவது கூடாது. நோயாளியை செல்ஃபி எடுப்பதும், அவர் கதையை ஸ்டேட்டஸ் போடுவதும் கூடவே கூடாது. வருவதாகச் சொன்ன நாளில் கட்டாயம் போக வேண்டும். படுத்திருப்பவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது வலியோடு படுக்கையில் இருந்தால், மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம். குணப்படுத்த முடியாத நோய் உண்டு. கவனிக்க முடியாத நோயாளி என்று யாரும் இல்லை.