வீடே விடுதியான கதை: ஓர் ஆங்கிலக் கிராமத்து மதுவிடுதியின் கட்டடக்கலை

இங்கிலாந்தின் கிராமங்களில் 'பப்' என வழங்கும் பழைய மதுவிடுதிகளுள் பல, மது விற்பதற்கென்றே கட்டப்பட்டவை அல்ல. உழவர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளே பிற்காலத்தில் விடுதிகளாயின. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, ஊஸ்டர்ஷயரின் பிரெட்ஃபோர்டன் கிராமத்திலுள்ள 'ஃபிளீஸ் இன்' ஆகும். மனிதரும் கால்நடையும் ஒரே கூரையின்கீழ் இரு பகுதிகளில் வாழ்ந்த 'நெடுவீடாக' 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்கட்டடம், 1848இல் மதுவிடுதியானது. வரி செலுத்தும் இல்லத்தார் இரண்டு கினி கட்டி உரிமம் பெற்றுத் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று 1830ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டதால், அக்காலத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் இவ்வாறு மாறின.

இவ்வகை வீட்டின் உயிர்நாடி அதன் மரச்சட்டகம். தூண்களும் உத்தரங்களும் கூரையின் சுமையை முழுவதும் தாங்குவதால், சுவர்கள் இடைவெளிகளை அடைக்கும் மறைப்புகளாக மட்டுமே அமைகின்றன. உலர்ந்த ஓக் மரம் உளிக்கு எளிதில் இணங்காது என்பதால், தச்சர்கள் அதைப் பச்சையாகவே இழைத்து, ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தை மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கினர். முன்கூட்டியே பொருத்திப் பார்த்த சட்டங்களைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் நிறுத்தும்போது இணை தவறாமலிருக்க, மூட்டுகளின் அருகே ரோம எண்களை ஒத்த கீறல்களை இட்டனர். நின்ற இடத்திலேயே மரம் உலர்ந்து சுருங்கியதால்தான் இத்தகைய வீடுகளின் உத்தரங்கள் வளைந்தும் முறுகியும் காணப்படுகின்றன. சட்டங்களுக்கு இடையே மிலாறுகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர்.

இடைக்கால வீடுகளில் நடுக்கூடத்துத் தரையில் எரிந்த தீயின் புகை கூரை வழியாகவே வெளியேறியது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி பரவிய பின், புகைக்கென விட்டிருந்த உயரத்தில் மேல்தளம் அமைக்க முடிந்தது. பழைய விடுதிகள் பலவற்றின் கூரைத்தளம் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிளீஸ் இன்னில், புகைபோக்கி வழியே சூனியக்காரிகள் இறங்கிவிடாமல் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கணப்பின் முன் வரையப்பட்ட வெண்ணிற வட்டங்களை இன்றும் காணலாம்.

முதலில் கட்டியவரின் வழித்தோன்றலான லோலா டாப்ளின் 1977இல் மறைந்தபோது, இவ்விடுதியை நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கு விட்டுச்சென்றார். 2004இல் வைக்கோல் கூரை தீக்கிரையான பின்னும், கட்டடம் செப்பனிடப்பட்டு அடுத்த ஆண்டே திறக்கப்பட்டது. சுவரின் ஓர் அடைப்பையோ கூரையின் வேய்ச்சலையோ சட்டகத்தைக் கலைக்காமல் புதுப்பிக்க இடந்தரும் இக்கட்டுமான முறையே, தொழுவமும் வீடுமாகத் தொடங்கிய ஒரு கட்டடத்தை ஏறத்தாழ 600 ஆண்டுகளாகப் பயன்பாட்டில் வைத்திருக்கிறது. ஆகவே இத்தகைய விடுதிகளைப் பேணுவது என்பது, மரச்சட்டகத்தையும் அதைப் பழுதுபார்க்கும் கைத்திறனையும் சேர்த்தே பேணுவதாகும்.