பால்மரம் நின்ற மண்ணில் செம்பனை

கடை முறுக்கைக் கடிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா நினைவு வரும். மலேசியாவில் சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். 1988-இல் ஊருக்கு வந்தபோது, "பால்மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டாங்கப்பா, இப்ப எங்க பார்த்தாலும் செம்பனைதான்" என்றார். எண்ணெய்ப்பனைக்கு அங்குள்ள தமிழர் வைத்த பெயர் அது. நம் பாமாயில் அதன் பழத்திலிருந்து வருவதுதான்.

1960-களில் செயற்கை ரப்பரின் போட்டியால் விலை சரியவே, தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பயிரை மாற்றின. மாறிய நிலம் ஏமாற்றவில்லை. தென்னை நின்ற இடத்தில் செம்பனை வைத்தால் கானோடெர்மா என்ற பூஞ்சை சீக்கிரமே அடிமரத்தை அழுக வைக்கும். ரப்பர் நின்ற இடத்தில் அந்தத் தொல்லை தொடக்கத்தில் குறைவு. ஆனால் உரச்செலவு வேறு கணக்கு. ரப்பர்ப் பாலோடு மண்ணின் சத்து அதிகம் வெளியே போவதில்லை. செம்பனையிலோ குலைகுலையாக வெட்டி அனுப்புகிறோம். கூடவே பொட்டாஷும் போய்விடுகிறது. அதைத் திரும்ப இட்டே ஆக வேண்டும்.

நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 20 டன் குலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 டன், எண்ணெய். நம்மூர் நிலக்கடலை ஒரு டன் எண்ணெய்கூடத் தராது.

இந்த விளைச்சலில் ஒரு சின்ன வண்டுக்கும் பங்கு உண்டு. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வரும், ஆனால் ஒரே சமயத்தில் மலராது. அதனால் மகரந்தத்தைக் கையால் தூவினார்கள். பெரியம்மா பல வருஷம் பார்த்தது இந்த "பூவுக்குப் பவுடர் போடற வேலை"தான். 1981-இல் கேமரூன் நாட்டு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பு கூடியது, பெரியம்மாவுக்கு வேலை நின்றது. பெரியப்பாவின் வேலையும் சுருங்கியது. ரப்பருக்கு விடியற்காலையிலேயே மரம் மரமாகப் போக வேண்டும். செம்பனைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று போதும். லயத்துக் குடும்பங்கள் பல பட்டணத்துப் புறம்போக்குக்குப் போனது இப்படித்தான். விளைச்சல் கணக்கு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

2021-இல் நம் மத்திய அரசு வடகிழக்கு மாநிலங்களை முக்கியமாக வைத்து எண்ணெய்ப்பனைத் திட்டம் அறிவித்தது. பெரியப்பா மகனிடம் போனில் சொன்னேன். "மில்லு எவ்ளோ தூரம்டா?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் கெட்டுவிடும்.