டாக்டர் ஆக விரும்பிய என்ஜினீயர்

அமெரிக்காவில் ஒரு தபால்காரர் இருந்தார். அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை. அவர்கள் மகன் பெயர் ஆலன் பாக்கி.

பையன் நன்றாகப் படித்து என்ஜினீயர் ஆனான். ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போருக்குப் போய் வந்தான். பிறகு, விண்வெளிக்கு ராக்கெட் விடுகிறதே "நாசா", அங்கே வேலை. வேறு என்ன வேண்டும்?

ஆனால் பாக்கிக்கு மனம் அதில் ஒட்டவில்லை. டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அப்போது வயது 30-ஐத் தாண்டிவிட்டது! ஓய்வு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்தார்.

1973-ம் ஆண்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டார். 500-க்கு 468 மார்க் கிடைத்தது. இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டும் போட்டார். மறுபடியும் கையை விரித்துவிட்டார்கள்.

16 இடங்கள்

அந்தக் கல்லூரியில் மொத்தம் 100 இடங்கள். அதில் 16 இடங்களைக் கறுப்பர், மெக்சிகோ வழி வந்தவர் முதலிய சிறுபான்மை மாணவர்களுக்கு என்று தனியாக வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்த சிலர் பாக்கியைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்கள்.

பாக்கி கோர்ட்டுக்குப் போனார்.

அந்த 16 இடங்கள் ஏன் வந்தன? அந்தக் கல்லூரி 1968-ல் தொடங்கியபோது முதல் வகுப்பில் 50 மாணவர்கள். அவர்களில் ஒரு கறுப்பர் கூட இல்லை!

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. ஆனாலும் அதன் பிறகு பல மாநிலங்களில் கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்தான். 1954-ல்தான் அது சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

ஜனாதிபதி ஜான்சன் 1965-ல் ஒரு கூட்டத்தில் இதை அழகாக விளக்கினார். பல காலம் சங்கிலியில் கட்டிக் கிடந்தவனை அவிழ்த்து, ஓட்டப் பந்தயக் கோட்டில் நிறுத்தி, "இனி நீயும் எல்லோரோடும் ஓடலாம்" என்றால் அது நியாயம் ஆகுமா என்பது அவர் கேள்வி.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கல்லூரியின் தலைவர், வேண்டிய பெரிய மனிதர்களின் பிள்ளைகளுக்காகச் சில சமயம் தலையிட்டு இடம் வாங்கிக் கொடுத்தது உண்டு. 1976-ல்தான் அந்த வழக்கம் நின்றது. அதை எதிர்த்து யாரும் சுப்ரீம் கோர்ட்டு வரை போகவில்லை!

தீர்ப்பு

1978 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் 9 பேர். நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறு பக்கம். நடுவில் நின்றவர் நீதிபதி பாவெல்.

"இத்தனை இடம் என்று எண்ணிக்கை வைத்து ஒதுக்கக்கூடாது; பாக்கியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்பது ஒரு பாதி. "ஆனால் பலதரப்பட்ட மாணவர்கள் சேர்ந்து படிப்பது நல்லது, அதற்காக இனத்தையும் ஒரு விஷயமாகக் கவனிக்கலாம்" என்பது மறு பாதி. பழைய அநியாயத்துக்குப் பரிகாரம் என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சங்கிலியை மறந்துவிட்டால் 16 இடம் எதற்கு என்பதே விளங்காது.

நம் ஊரில் கதை வேறு விதமாகப் போனது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாது என்று ஆனது. உடனே, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அமெரிக்காவில் அப்படித் திருத்தவில்லை. எல்லாம் நீதிபதிகள் கையில் நின்றது.

45 ஆண்டுக்குப் பிறகு

2023 ஜூன் மாதம் அந்தக் கதவும் மூடியது. ஹார்வர்டு, வடக்கு கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கு அது. ஆசிய வழி மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்பது முக்கியமான புகார். இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம். சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்பானது.

அப்போது அந்தக் கோர்ட்டில் இரண்டு கறுப்பு நீதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ். மற்றவர் கெட்டாஞ்சி ஜாக்சன் அம்மையார். தாமஸ் தீர்ப்பை ஆதரித்தார். ஜாக்சன் கடுமையாக எதிர்த்தார்.

மறு ஆண்டு, புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பு மாணவர் 5 சதவீதம்தான். முன்பெல்லாம் சுமார் 13 சதவீதம். ஆசிய வழி மாணவர் 47 சதவீதம் ஆனார்கள். 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப், வேலைவாய்ப்பு பற்றி ஜான்சன் 1965-ல் போட்ட உத்தரவையும் ரத்து செய்தார்.

பாக்கி என்ன ஆனார்? 1982-ல் படிப்பை முடித்தார். மயக்க மருந்து டாக்டர் ஆனார். பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதைத் தவிர்த்தே வந்தார்.

அவர் படித்த டேவிஸ் கல்லூரி பிறகு வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. மாணவரின் இனத்தைக் கேட்பது இல்லை. வீட்டு வருமானம் என்ன, பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள் என்று பார்த்து, 0 முதல் 99 வரை "கஷ்ட மார்க்" போடுகிறார்கள். மற்ற மார்க்குகளோடு அதையும் வைத்துப் பார்க்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் பூஜ்யம்!

தபால்காரர் மகனுக்கு எத்தனை போட்டிருப்பார்கள்?