வளையத்தில் எந்தப் பக்கத்தை மூடுவது?

தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. இத்தனை ஊர்களுக்கும் ஃபைபர் இழுப்பதைவிட, அறுபடாமல் காப்பதுதான் பெரும்பாடு. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணைப்பு தரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் பல மாநிலங்களில் கேபிளைக் கிளை பிரித்தே கொண்டுபோனார்கள். சாலை தோண்டும் பொக்லைன் ஓரிடத்தில் அறுத்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அத்தனையும் துண்டிப்பு. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்தத் திட்டம் வளைய அமைப்புக்கு மாறியது.

தருமபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், மீண்டும் தருமபுரி என ஈதர்நெட் வளையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளி இணைப்பு தருமபுரியில். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிய பொட்டலம் வளையத்தில் நிற்காமல் சுற்றும். சிறிது நேரத்தில் வலையமைப்பே திணறும். ஆகவே ஓர் இணைப்பை மூடியே வைக்க வேண்டும். 2008-இல் வந்த ஜி.8032 தரநிலை இதற்கென்றே உருவானது. எங்காவது கேபிள் அறுந்தால் பக்கத்து ஸ்விட்ச்கள் உடனே தகவல் அனுப்பும். மூடிய இணைப்பு திறக்கும். கற்றுவைத்த முகவரிகளை எல்லா ஸ்விட்ச்களும் அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கும். இலக்கு, 50 மில்லி விநாடி.

மூடுவது எந்த இணைப்பு என்பதில்தான் சுமைப் பகிர்வு தொடங்குகிறது. காரிமங்கலம்–தருமபுரி இணைப்பை மூடினால் நான்கு ஊர்களின் போக்குவரத்தும் நல்லம்பள்ளி வழியே நெரியும். பென்னாகரம்–பாலக்கோடு இணைப்பை மூடினால் பக்கத்துக்கு இரண்டு ஊர். ஆனால், பென்னாகரத்தில் மட்டும் பயன்பாடு பெருகினால் மறுபடி ஒரு பக்கம் சாயும்.

2010-இல் வந்த, ஜி.8032-இன் இரண்டாம் பதிப்பு இதற்கு வழி செய்தது. ஒரே கேபிள் வளையத்தில் பல தர்க்க வளையங்களை ஓட்டலாம். இ-சேவை, அலுவலகப் போக்குவரத்தை ஒரு வி-லேன் (ஒரே கேபிளில் தனியாகப் பிரித்த வலையமைப்பு) தொகுதியாக்கி, அதற்குக் காரிமங்கலம் பக்கத்தை மூடுங்கள். வீட்டு இணையத்துக்கு நல்லம்பள்ளி பக்கத்தை மூடுங்கள். வளையத்தின் இரு பக்கங்களும் வேலை செய்யும்.

இங்கே ஓர் ஆசை எழும். இரு பக்கமும் 10 கிகாபிட் என்றால் மொத்தம் 20 கிகாபிட் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு கூடவே கூடாது. பக்கத்துக்கு 7 கிகாபிட் ஓடும்போது நல்லம்பள்ளி பக்கம் அறுந்தால், 14 கிகாபிட்டும் காரிமங்கலம் வழியே வரப் பார்க்கும். வளையம் தப்பும், சேவை தப்பாது. உச்ச நேரத்திலும் இரண்டின் கூட்டுத்தொகை 10-க்குள் இருக்க வேண்டும். முடியாவிட்டால், அறுந்த நேரத்தில் இ-சேவைக்கு முதலிடம், வீடியோவுக்குப் பிறகு என்று முன்னுரிமையை ஒவ்வொரு ஸ்விட்சிலும் முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும்.