பிளாஸ்டிக் சாக்ஸபோன் 93,500 பவுண்டு.. எப்படி? செகண்ட் ஹேண்டில் 'லிமிடெட் எடிஷன்' வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

சாக்ஸபோன் என்றதும் தமிழ் ரசிகர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 'டூயட்' படம்தான். திரையில் பிரபு வாசிப்பார், உண்மையில் ஊதியவர் கத்ரி கோபால்நாத். அந்தப் படம் வந்த அதே 1994-ல், லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய சாக்ஸபோன் 93,500 பவுண்டுக்கு விலை போனது. தங்கமோ வெள்ளியோ இல்லை, பிளாஸ்டிக்!

யாருடையது அது?

ஜாஸ் மேதை சார்லி பார்க்கருடையது. 1953 மே 15-ம் தேதி கனடாவின் டொரன்டோவில் உள்ள மாஸி ஹாலில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியில் அவர் ஊதியது இந்த 'கிராஃப்டன்' ஆல்டோவைத்தான். இப்போது அது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் உள்ள ஜாஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1950-ல் கிராஃப்டன் விற்பனைக்கு வந்தபோது, பித்தளை சாக்ஸபோனில் ஏறக்குறைய பாதி விலைதான். இன்றும் பார்க்கர் கை படாத கிராஃப்டன்கள் சந்தைக்கு வருகின்றன. அரிய பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அக்ரிலிக் உடம்பு கீழே விழுந்தால் உடையும். அதன் ஸ்பிரிங்குகளும் மற்ற சாக்ஸபோன்களில் இருப்பவை போன்றவை அல்ல. மாற்று பாகம் கிடைக்காது, ரிப்பேர்காரர்கள் பலர் தொடவே தயங்குவார்கள். அரிதாக இருப்பது ஒரு விஷயம், ஊத முடிவது வேறு விஷயம். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லிமிடெட் எடிஷனில் என்ன ஸ்பெஷல்?

பிரான்ஸின் செல்மர் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். இவர்களின் 'ரெஃபரன்ஸ் 54' ஆல்டோ வழக்கமான மாடல். இதிலேயே ஹம்மிங்பேர்டு, குக்கபரா, ஃபயர்பேர்டு, ஃபிளமிங்கோ என்று பறவைகளின் பெயரில் லிமிடெட் எடிஷன்கள் வந்தன. பித்தளை மேல் அந்தப் பறவையைச் செதுக்கியிருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அடிப்படையில் உள்ளே இருப்பது அதே ரெஃபரன்ஸ் 54தான். கூடுதல் பணம் போவது செதுக்கு வேலைக்கும், பூச்சுக்கும், எண்ணிக்கை குறைவு என்பதற்கும். அதில் தப்பில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் செல்மரிலேயே இருக்கிறது. 1954 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை தயாரான 'மார்க் 6' லிமிடெட் எடிஷனே கிடையாது. அதன் சீரியல் எண்கள் சுமார் 55 ஆயிரத்தில் தொடங்கி 2 லட்சத்தைத் தாண்டுகின்றன. அவ்வளவு செய்து விற்றும், ஜான் கோல்ட்ரேன், சோனி ரோலின்ஸ் போன்றவர்கள் வாசித்த மாடல் என்பதால் இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள்.

ஏமாறுவது எங்கே?

முதலில் பளபளப்பு. 40, 50 வருஷப் பழைய சாக்ஸபோன் கடையில் இப்போதுதான் எடுத்தது போல மின்னினால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பழைய பூச்சை உரசி எடுத்துவிட்டு புதுப் பூச்சு அடித்திருக்கலாம். அப்படி உரசும்போது மேல் உலோகமும் கொஞ்சம் தேயும். செதுக்கு வேலையின் கோடுகள் கூர்மை இழந்து மழுங்கியிருக்கும், சீரியல் எண்ணும் மங்கலாகத் தெரியும். செதுக்கலுக்காகவே விலை சொல்லும் லிமிடெட் எடிஷனில் இப்படி நடந்திருந்தால் அதன் சேகரிப்பு மதிப்பு பெரிய அளவில் அடிவாங்கும். அங்கங்கே தேய்ந்து, நிறம் மாறி இருந்தாலும் ஒரிஜினல் பூச்சு உள்ளதுக்குத்தான் மவுசு.

அடுத்து கழுத்து. வாயில் வைக்கும் மவுத்பீஸையும் உடம்பையும் இணைக்கும் வளைந்த குழாய் இது. தனியாகக் கழற்றக்கூடியது என்பதால் தொலையும், வளையும், வேறொன்று மாட்டப்பட்டிருக்கும். கழுத்து மாறினால் சத்தமே மாறிவிடும். சில நிறுவனங்கள் கழுத்திலும் எண் பதிப்பதுண்டு. இருந்தால் உடம்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சான்றிதழ் கொடுத்தால் அதில் உள்ள எண்ணையும் அப்படியே சரிபார்க்க வேண்டும்.

"வாங்கினதுல இருந்து பெட்டியை விட்டு எடுக்கவே இல்ல சார்" என்று விற்பவர் சொன்னால் பலர் அதிலேயே விழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுவும் செலவுதான். துளைகளை மூடும் தோல் பேடுகள் பெட்டிக்குள்ளேயே காய்ந்து இறுகும், பூச்சி அரிக்கும். ஒரு ஆல்டோவில் இருபதுக்கும் மேற்பட்ட பேடுகள் இருக்கும். மொத்தமாக மாற்றுவது சின்ன வேலை இல்லை, அந்தச் செலவைப் பேரத்தின்போதே கழித்துக்கொள்ள வேண்டும்.

எப்படி சோதிப்பது?

இருட்டு அறையில் சாக்ஸபோனுக்குள் சின்ன விளக்கை இறக்கி, ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்ப்பார்கள். மூடிய இடத்திலும் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். பிறகு மிகக் கீழே உள்ள ஸ்வரங்களை மெதுவாக ஊதிப் பார்க்கச் சொல்வார்கள். பலமாக ஊதினால் மட்டும் வருகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த வாசிப்பாளரையோ ரிப்பேர்காரரையோ கூட அழைத்துப் போவது நல்லது.

ஆன்லைனில் என்றால் போட்டோவை மட்டும் நம்பாமல், வீடியோ காலில் சீரியல் எண்ணைக் காட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த எண் எந்த வருஷத்தைச் சேர்ந்தது என்பதையும் நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பார்சல் வழியில் அடிபடுவதும் சகஜம். மூடிகள் ஆடாமல் இருக்க கார்க் செருகி, கழுத்தைத் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பணம் அனுப்பும் முன்பே சுங்கத்துறை விதிகளைக் கேட்டுக்கொள்வது அவசியம். இந்தியாவில் பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. சாக்ஸபோன் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட பிறகு விசாரித்துப் பயனில்லை.