சேவலுக்குள் ஒரு செனட்டர்

"அப்பாயி, இந்தச் சேவல் ஏன் ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லுது? அதுக்குக் காது கேக்காதா?"

கேட்டது என் பேரன். ஒன்பது வயது. சித்திரைத் தேர் நிலைக்கு வந்த மறு வாரம். ஸ்ரீரங்கத்து வெயிலுக்குப் பயந்து கூடத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தோம். அவன் கையில் அவன் அப்பாவின் போன். அதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைச் சேவல், தன் முழங்கால் உயரம்கூட இல்லாத பருந்துக் குஞ்சுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லும். பிறகு, நான் சொல்கிறேன் கேள் என்று அதட்டிவிட்டு அதே வார்த்தையை மறுபடி சொல்லும். நடுவில், இது நகைச்சுவையடா பையா, சிரிக்க வேண்டும் என்று விளக்கமும் சொல்லும்.

"காது நல்லாக் கேக்கும்டா. அது பேசுறது அதோட பேச்சு இல்ல. ரேடியோவுல பேசின ஒருத்தரோட பேச்சு" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் யார் என்று கேட்டால், திருச்சி வானொலியில் நாடகம் நடித்தவள் என்றுதான் முதலில் வாயில் வரும். 1939 மே 16-ஆம் தேதி தொடங்கிய நிலையம் அது. கவிஞர் வாலி சினிமாவுக்குப் போகுமுன் அந்த நிலையத்துக்கு நாடகம் எழுதியவர். 1977-இல் குரல் தேர்வில் தேறி நான் உள்ளே போனேன். பத்து வருஷத்துக்கு மேல் கிழவிகளாகவும் மாமியார்களாகவும் ஒரு தடவை பேசும் கிளியாகவும் நடித்தேன். ஸ்கிரிப்ட் தாள்களைப் பின் போடாமல் தனித்தனியாக வைத்துக்கொள்வோம். படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவ விட வேண்டும். தாள் சரசரத்தால் நாடகத்து மழை நின்றுவிடும். கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். உருவம், உடை, வயது எல்லாவற்றையும் தொண்டையிலிருந்தே எடுத்தாக வேண்டிய தொழில் அது.

அதனால்தானோ என்னவோ, 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து, எங்கள் தெருவுக்குக் கேபிளும் வந்தபோது, நான் அந்தப் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மகன் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பான். நான் அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். கேட்கக் கேட்க ஒரு சந்தேகம். இவர்கள் படத்துக்குக் குரல் கொடுக்க வந்தவர்கள் இல்லை, மைக் முன்னால் நின்றே வளர்ந்தவர்கள். மூச்சை எங்கே இழுக்கிறார்கள், எங்கே நிறுத்திக் காக்க வைக்கிறார்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடும். பின்னாளில் தேடிப் படித்தபோது என் காது ஏமாற்றவில்லை என்று தெரிந்தது.

சேவலுக்கு வருகிறேன். பெயர் ஃபாக்ஹார்ன் லெக்ஹார்ன். வார்னர் பிரதர்ஸ் கூடத்தில் ராபர்ட் மெக்கிம்சன் இயக்கிய 'வாக்கி டாக்கி ஹாக்கி' என்ற படத்தில் 1946-இல் முதன்முதலாக வந்தது. குரல் மெல் பிளாங்க். அதற்கு முந்தைய வருஷம், 1945 அக்டோபரில், அமெரிக்க வானொலியில் ஃபிரெட் ஆலன் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு புதுப் பாத்திரம் நுழைந்தது. அந்த நிகழ்ச்சியில் ஒரு கற்பனைச் சந்து உண்டு. ஆலன் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவார், திறப்பவர் ஒவ்வொருவரும் ஒரு ரகம். அதில் ஒரு வீட்டுக்காரர் செனட்டர் கிளாக்ஹார்ன். நடித்தவர் கென்னி டெல்மார், அந்த நிகழ்ச்சியின் அறிவிப்பாளரும் அவரே. கதவு திறந்த மாத்திரத்தில் இடி இடித்த மாதிரி பேச்சு. அமெரிக்காவின் தென்பகுதிக்காரர், வடக்கு என்ற சொல்லையே ஆகாது என்பவர். சொன்னதையே சொல்வார், தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பார், இது நகைச்சுவை மகனே என்று எதிராளிக்கு எடுத்துச் சொல்வார். நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சைத்தான் தூக்கிச் சேவலின் தொண்டையில் வைத்தார்கள்.

காது கேக்காதா என்று என் பேரன் கேட்டானே, அந்தக் கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. அந்தச் சேவலுக்கு இன்னொரு மூதாதையும் உண்டு. 1930-களில் வானொலியில் வந்த ஒரு போலீஸ் ஷெரீஃப். காது மந்தம், அதனால் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிச் சொல்பவர். அவரும் இந்தச் சேவலுக்குள் இருக்கிறார் என்று சொல்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் காதுக்கு அது எட்டியிருக்கிறது.

ஏன் வானொலியிலிருந்து எடுத்தார்கள்? அந்தக் கார்ட்டூன்கள் அன்று குழந்தைகளுக்கென்று எடுத்தவை அல்ல. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டும் ஆறேழு நிமிஷத் துண்டுகள். அதற்குள் ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்து, குணத்தைக் காட்டி, சிரிக்கவும் வைக்க நேரம் ஏது? உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வீட்டில் வானொலி கேட்டுவிட்டு வந்தவர்கள். தெரிந்த குரலை ஒரு எலிக்கோ சேவலுக்கோ கொடுத்துவிட்டால் அறிமுகம் முடிந்தது. மெல் பிளாங்க் போன்றவர்கள் வானொலியிலும் கார்ட்டூனிலும் மாறி மாறி வேலை பார்த்ததால் குரல்களும் சுலபமாக இடம் மாறின.

இவற்றில் எனக்கு உயிர் 1959-இல் மெக்கிம்சன் எடுத்த 'தி மவுஸ் தட் ஜாக் பில்ட்'. அதை ரசிக்க ஜாக் பென்னியைத் தெரிந்திருக்க வேண்டும். 1932 முதல் 1955 வரை வானொலியிலும், 1950 முதல் தொலைக்காட்சியிலும் கொடி கட்டிப் பறந்தவர். நிகழ்ச்சியில் அவர் மகா கஞ்சன். வயது எப்போதும் 39. வயலினை எடுத்தால் கேட்பவர் ஓட வேண்டும். வீட்டுக்கடியில் நிலவறை தோண்டிப் பணத்துக்குக் காவல் வைத்திருப்பவர். ஒரு தடவை திருடன் ஒருவன் துப்பாக்கியை நீட்டி, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி பேசவில்லை. வானொலியில் ஒன்றுமே கேட்காத வெற்று நேரம் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, மக்கள் சிரித்துப் புரள்கிறார்கள். திருடன் மறுபடி அதட்டியதும்தான், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். மைக் முன்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அத்தனை நேரம் சும்மா இருக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று. நாங்கள் மூன்று எண்ணுவதற்குள் பயந்து அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம்.

பென்னியிடம் மேக்ஸ்வெல் என்று ஒரு ஓட்டைக் கார் இருந்தது. அதன் இருமலும் தும்மலும் இசைத்தட்டில் பதிந்து வைத்திருந்த சத்தம். ஒருநாள் நேரடி ஒலிபரப்பில் தட்டு ஓடவில்லை. பக்கத்தில் நின்ற மெல் பிளாங்க் மைக்கைப் பிடித்துக் காராகவே இருமித் தும்மி நின்றார், அன்று முதல் அந்தக் கார் அவர்தான் என்று அவரே சொல்வார். அந்தக் கதையைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு தடவை அவசரத்துக்குக் கிணற்று ராட்டினமாகக் கிறீச்சிட்டிருக்கிறேன்.

இந்தக் கார்ட்டூனில் பென்னி ஒரு எலி. பென்னியின் வீட்டுச் சுவருக்குள்ளேயே குடியிருக்கும் எலி. பென்னி, அவர் மனைவி மேரி லிவிங்ஸ்டன், வேலைக்காரர் ராச்சஸ்டராக வரும் எடி ஆண்டர்சன், அறிவிப்பாளர் டான் வில்சன் எல்லாரும் வந்து தங்கள் எலிகளுக்குத் தாங்களே குரல் கொடுத்தார்கள். பிளாங்க் வழக்கம்போலக் கார். மேரிக்குப் பிறந்தநாள், விருந்து கொடுக்க வேண்டும். செலவாகுமே என்று எலி தவிக்கிறது. அந்த நேரம் பார்த்து, இலவச விருந்து என்று ஒரு விளம்பரத் தாளைப் பூனை அனுப்பி வைக்கிறது. இலவசம் என்றதும் கஞ்ச எலி மேரியோடு புறப்பட்டு, விடுதி என்று நினைத்துப் பூனையின் வாய்க்குள்ளேயே நடந்து போகிறது. முடிவில் நிஜ பென்னியே திரையில் தோன்றுகிறார். கூலியாக அவர் கேட்டது அந்தப் படத்தின் ஒரு பிரதி மட்டும்தான் என்று சொல்வார்கள்.

எல்லாரும் பென்னி மாதிரி வாரி அணைத்துக்கொள்ளவில்லை. ஜாக்கி கிளீசனின் 'தி ஹனிமூனர்ஸ்' 1955-56-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. நியூயார்க்கில் சின்ன வீட்டில் குடியிருக்கும் பஸ் டிரைவர், சாக்கடைக் குழாயில் வேலை பார்க்கும் நண்பர், சாமர்த்தியமான மனைவிகள், ஒரே நாளில் பணக்காரர் ஆகும் திட்டங்கள், எல்லாம் கவிழ்தல். 1956-லேயே வார்னர் பிரதர்ஸ் அதை 'தி ஹனி மவுசர்ஸ்' என்று எலிக் குடும்பமாக்கியது. கிளீசன் முதலில் கோபப்பட்டார், படத்தைப் பார்த்ததும் கோபம் தணிந்தது என்பார்கள். நான்கு வருஷம் கழித்து, 1960 செப்டம்பரில், கார்ட்டூன் தயாரிப்பாளர்கள் ஹன்னாவும் பார்பெராவும் அதே குடும்பத்தைக் கற்காலத்துக்குக் கொண்டுபோய் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' எடுத்தார்கள். பஸ் டிரைவர் கல்குவாரி ஆளானார். 1966 வரை 166 பகுதிகள் ஓடியது. 1961-இல் வந்த 'டாப் கேட்' பூனை, ஃபில் சில்வர்ஸ் தொலைக்காட்சியில் நடித்த தில்லாலங்கடி சார்ஜென்ட் பில்கோவின் மறுபிறவி. பில்கோவின் படையில் டோபர்மேனாக நடித்த மாரிஸ் காஸ்ஃபீல்டையே கூப்பிட்டு அந்தப் பூனைக் கூட்டத்தில் ஒரு குண்டுப் பூனைக்குக் குரல் கொடுக்கவைத்தார்கள்.

தொலைக்காட்சிக்கு எடுத்த இந்தக் கார்ட்டூன்களுக்குப் பணம் குறைவு, ஆகவே ஓவியங்களும் குறைவு. உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். ஓடும் ஆளுக்குப் பின்னால் ஒரே மரம் திரும்பத் திரும்ப வரும். மகா கலைஞரான சக் ஜோன்ஸ் இதைப் படம் போட்ட வானொலி என்று இளக்காரமாகச் சொன்னார். அவரை வணங்குகிறேன், ஆனால் இதை மட்டும் ஒப்ப மாட்டேன். படம் போட்ட வானொலி என்பது வசவு அல்ல, அது ஒரு பட்டம். ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோனுக்குக் குரல் கொடுத்த ஆலன் ரீட் யார் தெரியுமா? செனட்டர் குடியிருந்த அதே ஃபிரெட் ஆலன் சந்தில், முன்பு ஃபால்ஸ்டாஃப் ஓப்பன்ஷா என்ற கவிராயராக வாழ்ந்தவர். ஃபிரெட்டின் பக்கத்து வீட்டு பார்னி, மெல் பிளாங்க். 1961 ஜனவரியில் பிளாங்க் பெரிய கார் விபத்தில் சிக்கி, உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு கிடந்தார். சில பகுதிகளுக்கு மட்டும் டாஸ் பட்லர் பேசினார். பிறகு பிளாங்கின் படுக்கைக்கு மேலேயே மைக்கைத் தொங்கவிட்டு, மற்ற நடிகர்கள் சுற்றி நின்று பேசப் பதிவு நடந்தது. என் மகன் கூடத்தில் விழுந்து விழுந்து சிரித்த பார்னியில், மாவுக்கட்டுக்குள்ளிருந்து வந்த பார்னியும் உண்டு.

நம் பக்கத்தில் குரலிலிருந்து பிறந்த மனிதர்கள் இல்லையா? திருச்சியில் வளர்ந்தவர்களுக்கு 936 கிலோ ஹெர்ட்ஸ் ஒரு பக்கம், கடல் தாண்டிவந்த இலங்கை வானொலி மறுபக்கம். அதன் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் மின்னல் பேச்சை எங்கள் காலத்துக் கல்லூரி விழாக்களில் மேடை ஏறிச் செய்து காட்டாத பையன் இல்லை. இலங்கையில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் வானொலியில் ஓடோ ஓடென்று ஓடி, 1976-இல் 'கோமாளிகள்' என்று சினிமாவும் ஆனது. அதில் நடித்தவர்களை மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயரோடு சேர்த்தேதான் கடைசிவரை மக்கள் அழைத்தார்கள். காற்றில் வந்த பெயர் சொந்தப் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நம் வானொலிக் குரல் எதையும் யாரும் சேவலாகவோ எலியாகவோ வரைந்து வைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு நெஞ்சில் இருக்கிறது.

ஃபிரெட் ஆலனின் நிகழ்ச்சி 1949-இல் நின்றது. 1956-இல் அவரும் காலமானார். செனட்டர் கிளாக்ஹார்ன் யாரென்று இன்று அமெரிக்கப் பிள்ளைகளுக்கே தெரியாது. சேவலை அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கிற என் பேரனுக்குத் தெரிகிறது. கேலி செய்வதற்காக எடுத்த பிரதி, மூலத்தைக் காப்பாற்றிக் கரை சேர்த்திருக்கிறது.

என்னிடம் ஒரே ஒரு கேசட் இருக்கிறது. 1984-இல் நான் நடித்த நகைச்சுவை நாடகத்தை, வீட்டு ரேடியோவிலிருந்து என் கணவர் பதிந்தது. போன வருஷம் அலமாரியில் எடுத்துப் பார்த்தேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர், ஈரம் சும்மா விடுமா? சுருளின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை, சுண்ணாம்பு தடவின மாதிரி. ஆசையில் அப்படியே போட்டுக் கேட்டிருந்தால் நாடா அறுந்திருக்கும். தெரிந்த பையன் ஒருவன் பொறுமையாகத் துடைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, கணினியில் ஏற்றிக் கொடுத்தான். அரை மணி நாடகத்தில் பதினொரு நிமிஷம் மிஞ்சியது. அந்தக் கிழவியின் குரலைக் கேட்டுப் பேரன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். மறுநாள் காலையில் காபிக்குக் கூப்பிட்டபோது, அதே கிழவி குரலில் "வாரேன், வாரேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். வானொலி நாடகம், கோவில் உற்சவ நேர்முக வர்ணனை, தாத்தா பேசினது, எதுவானாலும் சரி. எடுத்தவுடன் போட்டுக் கேட்காதீர்கள். கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் உடைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு கைதவறிக்கூட அதன்மேல் வேறு எதுவும் பதியாது. பூஞ்சை இருந்தால் தெரிந்தவர் கையில் கொடுத்துத் துடைத்து, கணினியில் ஏற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். இந்த மழைக்காலம் வருவதற்குள் செய்யுங்கள்.